காலியாக இருந்த சேனல்

"தம்பி, உன் சித்தி வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்."

இரவு எட்டு மணிக்கு மேல் சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டில் அம்மாவின் இந்தக் குரல் கேட்டால், நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். பட்டுக்கோட்டையில் அப்போது மாலை ஐந்தரை. சித்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ அழைப்பில் பேச உட்காரும் நேரம். அம்மாவின் நாள் முழுவதும் அந்த நாற்பது நிமிடத்தை நோக்கித்தான் நகரும். அங்கே யார் வீட்டில் நிச்சயம், யார் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்ற செய்தி உச்சத்தை எட்டும்போது படம் உறைந்துபோகும். பழி என்மேல் விழும். கணினித் துறையில் வேலை பார்ப்பவன் வீட்டில் வைஃபை ஓடவில்லை என்றால், தையற்காரர் சட்டையில் பொத்தான் இல்லாத மாதிரி.

இதில் இரண்டு பழுதுகள் இருந்தன. முதலாவதை நான் சரிசெய்தேன். இரண்டாவதை நானே உண்டாக்கினேன்.

முதல் பழுது எளிமையானது. வீட்டைப் புதுப்பித்தபோது, வரவேற்பறை பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று ரௌட்டரைப் பாம் ஷெல்டருக்குள் தள்ளியிருந்தோம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: 1997இல் வந்த சட்டத்தையொட்டி, அதன்பிறகு கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் போர்க்காலத்தில் ஒதுங்குவதற்கென ஒரு சிறிய அறை உண்டு. தடித்த கான்கிரீட் சுவர், உள்ளே நெருக்கமாகக் கம்பி, எஃகுக் கதவு. போர் வராததால் எல்லார் வீட்டிலும் அது சாமான் அறை. எங்கள் வீட்டில் அரிசி மூட்டை, பொங்கல் பானை, பழைய மின்விசிறி, இவற்றோடு ரௌட்டர். குண்டுக்குத் தாக்குப்பிடிக்கும் அறைக்குள் ரேடியோ பெட்டியை வைத்துக் கதவையும் சாத்திவிட்டு, அம்மா அறையில் சிக்னல் வரவில்லையே என்று ஆறு மாதம் வியந்துகொண்டிருந்தேன்.

வியப்பதை நிறுத்தி அளக்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கைப்பேசித் திரையின் மூலையில் தெரியும் விசிறிச் சின்னத்தை நம்ப முடியாது. மூன்று கோடு என்றால் எவ்வளவு என்பதற்குப் பொதுவான கணக்கு கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் கோடு போடுகிறது. எண் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் போன்ற ஒரு செயலி போதும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் சிக்னல், இரைச்சல், சேனல் எல்லாம் அங்கேயே வரும். ஐஃபோனில்தான் இடக்கு. மற்றவர்களின் செயலிகள் அக்கம்பக்கத்து வைஃபைகளைப் பட்டியலிட ஆப்பிள் இடம் கொடுப்பதில்லை. அதன் சொந்த ஏர்போர்ட் யுடிலிட்டி செயலியில் மட்டும் ஒரு ஸ்கேனர் ஒளிந்திருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் அதை இயக்கிவிட வேண்டும்.

எண்கள் எதிர்மறையாக வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். சிக்னல் வலிமைக்கு அலகு டிபிஎம். ஒரு மில்லிவாட் சக்தியைச் சுழியம் டிபிஎம் என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் கைக்கு வந்து சேருவது அதைவிட மிக மிகக் குறைவு என்பதால் எப்போதும் கழித்தல் குறி. பத்து இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்கு. ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்றால் -30 அல்லது -35 காட்டும். வீடியோ அழைப்புக்கு -67க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தபோது -81.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கையால் போட்டு, அறை அறையாக நின்று எழுதினேன். நின்றவுடன் தெரியும் எண்ணை எழுதக் கூடாது. அது துள்ளிக்கொண்டே இருக்கும், அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். உடம்பும் ஒரு சுவர்தான். ரௌட்டர் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் ஐந்தாறு எண் இறங்கியது. மனிதன் பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். நான் தாளும் கையுமாகக் குளியலறை வாசலில் நிற்பதைப் பார்த்த அம்மா, "வாஸ்து பார்க்கிறாயா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான்.

ரௌட்டரை வெளியே எடுத்து, வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேல் தட்டில் வைத்தேன். அம்மா அறையில் -58. இருபத்து மூன்று எண் வித்தியாசம் என்றால் சக்தி கிட்டத்தட்ட இருநூறு மடங்கு. ஒரு காசு செலவில்லை. பெட்டி அசிங்கமாகத் தெரிகிறது என்ற வீட்டாரின் முணுமுணுப்பு மட்டும் மிச்சம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஸ்கேன் செய்யும் செயலியைத் திறந்தவன் லேசில் மூட மாட்டான். அக்கம்பக்கத்து வாழ்க்கை அதில் பட்டியலாக ஓடுகிறது. எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து 43 வைஃபைகள் தெரிந்தன. பாதிப் பேர் பெட்டியில் வந்த பெயரை மாற்றவே இல்லை. ஒருவர் தம் வீட்டு எண்ணையே பெயராக வைத்திருந்தார். ஒருவர் நாய்க்குட்டியின் பெயர். இன்னொருவர் வைத்திருந்த பெயரின் பொருள், நாகரிகமாகச் சொன்னால், "கடவுச்சொல் கேட்டு வராதே".

அந்த 43இல் முப்பதுக்கு மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பட்டையில் குவிந்திருந்தன. அந்தப் பட்டையில் இங்கே 13 சேனல்கள், அதாவது ரேடியோ அலைப் பாதைகள், இருப்பதாகத் திரை காட்டும். அது கண்துடைப்பு. சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வைஃபையின் அகலமோ 20. ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் உட்காரக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். இரண்டு ரௌட்டர்கள் ஒரே சேனலில் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது கேட்டுக்கொண்டு காத்திருக்கும், பிறகு முறை மாறும். தேக்கா உணவங்காடியில் பரோட்டா கடை வரிசை மாதிரி: மெதுவாக நகரும், ஆனால் நகரும். நடுவில் 3ஆம் சேனலில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் இரண்டு வரிசைக்கும் குறுக்கே நிற்பவர். அவர் பேச்சு இரு பக்கத்துக்கும் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். எங்கள் புளோக்கில் அப்படி ஒரு 3ஆம் சேனல்காரர் இருக்கிறார். அவரைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு.

இந்தப் பழக்கம் எனக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரி நாட்களிலேயே தொற்றியது. 2004 வாக்கில் எங்கள் கூட்டத்தில் எல்லாருடைய மடிக்கணினியிலும் நெட்ஸ்டம்ப்ளர் இருக்கும். மாரியஸ் மில்னர் என்பவர் விண்டோஸுக்காக எழுதிய சிறிய மென்பொருள். புது வைஃபை கண்ணில் பட்டால் சத்தம் எழுப்பும். இரட்டை மாடி பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து அங் மோ கியோவைக் கடக்கும்போது அது சோளப்பொரிபோல் வெடித்துக்கொண்டே வரும். கடவுச்சொல் போடாத வைஃபைகள் அன்று ஏராளம். பின்னால் ஒரு மூத்த மாணவர் லினக்ஸில் ஓடும் கிஸ்மெட்டைக் காட்டினார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வீவக தாழ்வாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். நெட்ஸ்டம்ப்ளர் ஒவ்வொரு கதவாகத் தட்டி "யார் வீட்டில்?" என்று கேட்டுக்கொண்டு போகும், பதில் சொன்னவர்கள் மட்டும் பட்டியலில் வருவார்கள். கிஸ்மெட் தாழ்வாரத்தின் ஓரத்தில் வாயைத் திறக்காமல் நின்று, எந்த வீட்டிலிருந்து என்ன குரல் வருகிறது என்று காது கொடுக்கும். பெயரை மறைத்தவர்களும் அதனிடம் மாட்டுவார்கள்.

கேட்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. இதை இளம் வாசகர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வைஃபையை அனுமதியின்றிப் பயன்படுத்திய பதினேழு வயது இளையர் ஒருவர்மீது 2006இல் இங்கே கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்டு, 2007 தொடக்கத்தில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கூட்டத்தில் பலர் அவசரமாகத் தத்தம் மடிக்கணினிகளைச் சுத்தம் செய்தார்கள்.

சரி, என் பெருமைக்கு வருகிறேன். 2.4இல் நெரிசல் என்று தெரிந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பார்த்தேன். அங்கேயும் அக்கம்பக்கத்தார் எல்லாரும் இரண்டு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்: 36இலிருந்து 48 வரை ஒரு கூட்டம், 149இலிருந்து மேலே ஒரு கூட்டம். நடுவில், 100ஐ ஒட்டி, ஒருவருமில்லை. செயலியின் வரைபடத்தில் பரந்த வெள்ளை வெளி. இந்தப் புளோக்கில் எவருக்கும் விவரம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு ரௌட்டரை 100ஆம் சேனலில் நிறுத்தினேன். இன்னும் ஒரு படி மேலே போய், அம்மாவின் டேப்லட்டில் எங்கள் வீட்டு 2.4 வைஃபையின் பெயரையே அழித்துவிட்டேன். நெரிசல் பக்கம் அது தவறிக்கூடப் போய்விடக் கூடாது அல்லவா? வேகச் சோதனையில் எண் எகிறியது. சித்தியின் மூக்குத்தியின் கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

பத்து நாள் தாண்டியிருக்காது. சித்தி மறுபடியும் உறைந்தார். இந்த முறை படம் கட்டம் கட்டமாகச் சிதைவது, குரல் கம்முவது என்ற முன்னறிவிப்பெல்லாம் இல்லை. சட்டென்று நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வரும். சில நாள் மூன்று தடவை, சில நாள் ஒன்றுமே இல்லை.

இணையச் சேவை நிறுவனத்தை அழைத்தேன். இருபது நிமிட இசைக்குப் பிறகு, "ரௌட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள், சார்." போட்டுப் பார்த்தேன். அடுத்து மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகித்தேன். அது 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது, வைஃபையைக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஒரு குவளைத் தண்ணீரை வைத்துச் சுடவிட்டுச் சோதித்தேன். 2.4இல் இருந்த என் பழைய கைப்பேசி தடுமாறியது. 5இல் இருந்த டேப்லட் அசையவில்லை. அடுப்பு நிரபராதி. பிறகு ஒரு சனிக்கிழமை முழுவதையும் வயர்ஷார்க்கில் தொலைத்தேன். 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் எதெரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006இல் வணிகப்பெயர்ச் சிக்கலால் பெயர் மாறிய மென்பொருள் அது. வலையில் ஓடும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் பிரித்துக் காட்டும். அருமையான கருவி, இந்த வேலைக்கு நான் அதை எடுத்தது தவறு. லட்சம் வரி குவிந்தது, எனக்கு வந்தது தலைவலி. என்ன கேள்வி கேட்கிறோம் என்பது தெரியாமல் அதைத் திறக்கக் கூடாது.

கடைசியில் கைகொடுத்தது பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டளை. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை வைத்துப் பெயர் சூட்டினார். "இருக்கிறாயா?" என்று கேட்கும், எதிர்முனை "இருக்கிறேன்" என்று சொல்ல எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று எழுதும். அவ்வளவுதான். இரண்டு சன்னல்களைத் திறந்தேன். ஒன்றில் என் ரௌட்டருக்கு, அதன் முகவரி 192.168.1.1. இன்னொன்றில் வெளியுலகுக்கு, கூகலின் 8.8.8.8. விநாடிக்கு ஒரு கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் நேர முத்திரை, இரவெல்லாம் ஓடும்படி விட்டேன். வெளியே போவது மட்டும் அறுந்தால் குற்றம் நிறுவனத்துடையது. ரௌட்டரே பதில் சொல்லாவிட்டால் குற்றம் என் வீட்டுக்குள். இதை முதல் நாளே செய்திருந்தால் அந்த இருபது நிமிட இசை மிச்சமாகியிருக்கும். யாராவது வைஃபை சரியில்லை என்று என்னிடம் வந்தால் இப்போது நான் முதலில் சொல்வது இந்த இரட்டைப் பிங்தான்.

மறுநாள் பதிவைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக அறுந்திருந்தன. பழுது வீட்டுக்குள். நிறுவனத்தின்மேல் ஆறு வாரம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பதிவில் வேறொன்றும் கண்ணில் பட்டது. அறுந்த நேரங்கள் 68 விநாடி, 71 விநாடி, 67 விநாடி. குறுக்கீடு என்றால் இரண்டு விநாடி, பதினைந்து விநாடி என்று தாறுமாறாக இருக்கும். இது யாரோ கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் மௌனம் காப்பதுபோல் இருந்தது. அதுவும் சோடி சோடியாக: 8.12க்கு ஒன்று அறுந்தால் 8.43க்கு இன்னொன்று. 9.05 என்றால் 9.36. இடையில் எப்போதும் அரை மணி நேரமும் ஒரு நிமிடச் சொச்சமும். பழுது இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது. இது ஒரு விதி.

ரௌட்டரின் உள்ளே போய், யாரும் திறக்காத அதன் பதிவேட்டைப் படித்தேன். 8.12க்கு நேராக ஒரே வரி: ரேடார் கண்டறியப்பட்டது.

சோனார் ஒலியால் பெயர் பெற்ற கருவி, செங்காங் பதினோராம் மாடியில் ரேடாரில் கொண்டுபோய் விட்டது.

அந்தக் காலி வெளியின் கதை இதுதான். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் நடுப்பகுதியில் வைஃபை வருவதற்கு வெகு முன்பே வானிலை, கடல், ராணுவ ரேடார்கள் குடியிருந்தன. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, வைஃபையும் அங்கே இருந்துகொள்ளட்டும் என்று நிபந்தனையோடு இடம் கொடுத்தது. உட்காரும் முன் 60 விநாடி வாய் திறக்காமல் காது கொடுக்க வேண்டும். ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் எழுந்துவிட வேண்டும். அடுத்த 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது. என் ரௌட்டர் 100இல் துடிப்பு ஒன்றைக் கேட்கும். அடுத்த கணம் 52க்குத் தாவும். 52ம் அதே நிபந்தனைக்கு உட்பட்டது என்பதால் அங்கே 60 விநாடி மௌனம். அரை மணி கழித்து, நான் பிடிவாதமாக நிறுத்திய 100க்கே திரும்ப வந்து இன்னொரு 60 விநாடி மௌனம். சித்தி இரண்டு முறை உறைவார்.

கேட்டது உண்மையான ரேடார்தானா என்பது வேறு விஷயம். ரௌட்டர்கள் வேறு துடிப்புகளையும் ரேடாராக எண்ணி ஓடுவது உண்டு. சட்டத்துக்குப் பயந்த பிராணி. கயிற்றைப் பார்த்தாலும் எழுந்துவிடும்.

காலை எட்டரை மணிக்கு நெரிசலில் பிதுங்கும் எம்ஆர்டி ரயில் பெட்டியில் ஓர் இருக்கை மட்டும் காலியாக இருந்தால் நாம் என்ன நினைப்போம்? முன்னுரிமை இருக்கை என்று. உட்காரலாம், தவறில்லை, முதியவரோ கர்ப்பிணியோ ஏறினால் எழ வேண்டும். நிற்பவர்களுக்கு விவரம் தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை. நான் நினைத்தேன். என் ஸ்கேனர் காட்டியது பொய்யும் இல்லை: அங்கே எந்த வைஃபையும் இல்லைதான். அந்தச் செயலிக்கு வைஃபையின் மொழி மட்டுமே காதில் விழும். ரேடார் தன் பெயரை ஒலிபரப்பிக்கொண்டு வருவதில்லை. மைக்ரோவேவ் அடுப்பும் வருவதில்லை. அவற்றைப் பார்க்க அலைக்கற்றையை நேரடியாக அளக்கும் தனிச் சாதனம் வேண்டும். வெறுமையாகத் தெரியும் இடத்தில் எதுவும் இல்லை என்று அந்த வரைபடம் எங்கும் சொல்லவில்லை. அதை எழுதிச் சேர்த்தவன் நான்.

ரௌட்டரை 149க்கு மாற்றினேன். அங்கே ஐந்து வீட்டார் ஏற்கெனவே இருந்தார்கள். ஆறாவதாக நானும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40ஆகக் குறைத்தேன், எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கட்டும் என்று. அம்மாவின் டேப்லட்டில் 2.4 பெயரைத் திரும்பச் சேர்த்தேன். அது இருந்திருந்தால் சித்தி உறைந்த நாட்களில் டேப்லட் தானாக அந்தப் பக்கம் தாவிப் பிழைத்திருக்கும். வேகச் சோதனையில் எண் பாதியானது. ஒரு வாரம் பிங் ஓடியது, ஒரு நிமிட மௌனம் ஒன்றுகூட இல்லை. 2023இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பாதியில் 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிட்டது, அங்கே போகலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாம். அம்மாவின் டேப்லட் அதற்கு முந்திய தலைமுறை, அதை மாற்ற அவர் விடமாட்டார். சித்தியின் எண் அதில்தான் இருக்கிறதாம்.

"என்ன செய்தாய்?" என்று அம்மா கேட்டார். ரேடார் என்றேன். "விமானத்துக்கு வைப்பார்களே, அதுவா?" என்றார். கிட்டத்தட்ட என்றேன். அன்று மாலை சித்தியிடம் விவரம் போய்ச் சேர்ந்தது: அவர்கள் பேசுவது விமானத்துக்குக் கேட்டுவிடுகிறதாம், மகன் அதை நிறுத்திவிட்டானாம். திருத்தவில்லை.

போன மாதம் பழக்கதோஷத்தில் செயலியைத் திறந்தேன். 100ஆம் சேனலில் புதிதாக ஒரு வைஃபை, -71, பெட்டியிலிருந்து வந்த பெயர்கூட மாறவில்லை. மேல் மாடியோ கீழ் மாடியோ தெரியவில்லை. எந்தக் கதவைத் தட்டி, என்னவென்று சொல்வது? சென்ற ஞாயிறு மறுபடியும் பார்த்தேன். 44க்கு வந்துவிட்டது.